மூணாவது எடத்துக்கான ஆட்டம்

அந்த நீளப் பையில இருக்கது ஹாக்கி ஸ்டிக்குதான தம்பி? பாத்ததுமே தெரிஞ்சிட்டு. நல்லா சாஞ்சி உக்காருங்க, என் காலுதான் எடஞ்சலா இருக்கும். இந்த வலது முழங்கால் பாதிக்கு மேல மடங்காது. கண்டக்டர் ரெண்டு தடவ இடிச்சிட்டுப் போயிட்டாரு. ஒண்ணும் சொல்லல நானு. முன்ன மாதிரி இருந்தா வேற.

யாருக்கு ஸ்டிக்கு? மகளுக்கா. எந்த எடத்துல ஆடுது பிள்ள? டிஃபென்ஸா. சரிதான். நானும் டிஃபென்ஸ்தான். வெயிலுமுத்துன்னு கோவில்பட்டியில யாருகிட்ட கேட்டாலும் சொல்லுவாக. இந்தியாவுக்குப் பதினோரு மேட்சு ஆடியிருக்கேன். பன்னெண்டாவது மேட்சு ஏன் ஆடலன்னு கேட்டாத்தான் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாக. அதனால நானே சொல்லிருதேன். உள்ளத உள்ளபடி சொல்லுதேன், நியாயத்த நீங்க சொல்லுங்க.

டிஃபென்ஸ்காரனுக்கு மொதப் பாடம் அடி வாங்குதது. சின்ன வயசுல எங்க ஊர்ல ஏது டர்ஃப், அந்தச் செயற்கப் புல்லு? சரளக்கல்லு கெடக்கும் கிரவுண்டு. பந்து ஒரு கல்லுல பட்டா எங்க எந்திரிக்கும்னு அதுக்கே தெரியாது. பதிமூணு வயசுல முன்பல்லு ரெண்டு போச்சு. வாயில ரத்தத்தோட வீட்டுக்குப் போனா, எங்க அய்யா, தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாத்தாரு அவரு, இன்னும் எத்தன பல்லு மிச்சமிருக்குன்னு கேட்டு செவுட்டுல ஒண்ணு விட்டாரு. ரெண்டாவது பாடம் அடி குடுக்குதது. வாங்குனதத் திருப்பிக் குடுக்காம கிரவுண்ட விட்டு வரக்கூடாது. வெளியூர் டீம்ல ஒருத்தன் என் விலாவுல முழங்கைய விட்டான். ஆட்டம் முடிய அஞ்சு நிமிசம் இருக்கையில அவன் தோள்பட்டை எலும்பு ரெண்டா போச்சு. மறுநாளு ஆஸ்பத்திரிக்குப் போயி ஆப்பிள் குடுத்துட்டு வந்தேன். மனசுல ஒண்ணும் வச்சிக்கிட மாட்டேன். அது என் சுபாவம்.

தொண்ணூத்தி நாலு. மலேசியாவுல சிரம்பான்னு ஒரு ஊரு. ஆறு நாடு ஆடுத கோப்பை. எனக்கு இருவத்தேழு வயசு. டீம்ல நான் ஒருத்தன்தான் தமிழன். ரூம்ல என்கூட இருந்தவன் கோல்கீப்பர் பெள்ளியப்பா, கொடகுக்காரன். கோயம்புத்தூர்ல ரெண்டு வருசம் வேல பாத்ததால அரைகொறத் தமிழு வரும். நல்ல பையன்தான். கடைசியில அவனும் எப்படி ஆனான்னு சொல்லுதேன்.

பெனால்டி கார்னர் தெரியுமில்ல உங்களுக்கு? எதிர்டீம்காரன் ஒருத்தன் பந்த வெளிய தள்ளி விடுவான், கோலுக்கு முன்னால அரைவட்டமா போட்டிருக்க ‘டி’ கோட்டுக்கு வெளிய ஒருத்தன் நிறுத்துவான், ஒருத்தன் ஓங்கி அடிப்பான். கோல் கோட்டுல நிக்கிற அஞ்சு பேருல ஒருத்தன் அந்த அடிக்கு நேரா ஓடணும். மத்தவன்லாம் பந்தப் பாத்து ஒதுங்குவான், இவன் பந்துக்குள்ள ஓடணும். அந்தக் காலத்துல மொகத்துக்கு மூடி கெடையாது, முழங்காலுக்குக் கவசம் கெடையாது. அந்த ஓடுத ஆளு நான்தான். ஓட்டம் சரியா இருந்தா பந்து என் மேல படும். இல்லன்னா கோலு.

மலேசியாவுக்கு அடிக்கிறவன் குணாளன்னு ஒருத்தன். தமிழன். இருவத்திமூணு வயசு, கறுப்பா, ஒல்லியா, சிரிச்ச மூஞ்சி. மேட்சுக்கு மொத நாளு ஓட்டல்ல இட்லி தட்டோட நிக்கேன், பக்கத்துல வந்து நின்னான். “அண்ணே, கோவில்பட்டின்னு சொன்னாங்க. எங்க தாத்தா கழுகுமலைண்ணே. கப்பல்ல வந்தவரு. பசியாறிட்டீங்களா?” அப்படின்னான். கையில தட்டு இருக்கு, பசியாறிட்டீங்களாங்கான். நான் தட்டோட வேற மேசைக்குப் போயிட்டேன். மேட்சுக்கு மொத நாளு எதிர்டீம்காரன் எதுக்கு வந்து ஊரு பேரு கேக்கான்? நம்மள எடபோடத்தான். அவ்வளவு வெள்ளந்தி இல்ல நானு.

மேட்சுல மூணு கார்னரு. மொத அடி இந்தத் தொடையில. தோலுக்குள்ள ஈயத்தக் காய்ச்சி ஊத்தின மாதிரி. விழுந்தேன், எந்திரிச்சேன். குணாளன் கிட்ட வந்து “வலிக்குதாண்ணே?”ன்னு கேக்கான். ரெண்டாவது அடி கையில. இந்தக் கட்டவிரல் நகத்தோட பின்னால திரும்பிட்டு. நானே இழுத்து நேராக்கிக்கிட்டேன். மறுபடியும் வந்து “வலிக்குதாண்ணே?”ங்கான். பதினோராயிரம் பேரு பாக்கான் தம்பி. அவன் ஊரு, அவன் கூட்டம். அதுக்கு நடுவுல நின்னு தமிழ்ல கேக்கான், வலிக்குதான்னு. இத விட ஒருத்தன என்ன கேவலப்படுத்த முடியும்?

மூணாவது அடி இந்த முழங்கால்ல. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. பச்ச வேப்பங்கொம்ப முறிக்கிற சத்தம். பந்து வெளிய போயிட்டு, கோலு இல்ல. நான் கெடக்கேன். எங்க டாக்டர் வரதுக்கு முன்னாடி அவன் ஐஸ் பையத் தூக்கிக்கிட்டு ஓடியாரான். தட்டிவிட்டேன். ஐஸெல்லாம் செதறி டர்ஃப் மேல ஓடிச்சு. கூட்டம் என்னப் பாத்து ஊளையிட்டுச்சு, அவனப் பாத்து இல்ல. பாருங்க நியாயத்த.

சாயங்காலம் ஓட்டலுக்கு ஒரு பொட்டலம் வந்துச்சு. அவன் அம்மா குடுத்துவிட்டதாம், ஏதோ மருந்தெண்ணெய். கூட ஒரு சீட்டு. ‘சூடு பண்ணி தேய்ங்கண்ணே, எங்களுக்கெல்லாம் அம்மா இதைத்தான் போடுவாங்க’ன்னு எழுதியிருந்தான். எழுத்து கோணக்கோண. நான் தொடல. பெள்ளியப்பா அவன் தோள்ல தேய்ச்சிக்கிட்டான். ரெண்டு நாள்ல நல்லாயிட்டுன்னான். எனக்குக் காலு பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு.

ஃபைனலுக்குப் போகல நாங்க. அவங்களும் போகல. அதனால மூணாவது எடத்துக்கு அவங்களும் நாங்களும் ஆடணும். மூணாவது எடத்துக்கு ஆடுதத யாரு தம்பி வந்து பாக்கா? மத்தியான வெயிலு. முந்நூறு பேரு இருந்தா அதிகம். டிவிக்காரன் சாயங்கால ஃபைனலுக்குத்தான் வருவானாம். கோச் என் முழங்காலப் பாத்துட்டு, “முத்து, நீ இன்னைக்கி உக்காரு”ன்னாரு. நான் பாத்ரூமுக்குப் போயி காலுக்குத் துணியச் சுத்தி, இறுக்கி, அதுக்கு மேல ஸ்டாக்கிங்க ஏத்திக்கிட்டு வந்து, அவரு முன்னால நாலு தடவ குதிச்சிக் காட்டுனேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. சரின்னுட்டாரு.

நான் ஏன் ஆடணும்னு நின்னேன்னு கேப்பீங்க. நாட்டுக்காகத்தான். மெடலுக்காக. மூணு அடி பாக்கி இருந்ததும் உண்மதான், மறைக்கல.

அறுவது நிமிசம் வரைக்கும் ஒண்ணுக்கொண்ணு. எனக்குக் காலு மரக்கட்ட. இடது பக்கமா குணாளன் பந்தக் கொண்டுக்கிட்டு வாரான். ‘டி’க்குள்ள வந்துட்டான். நான் குறுக்க பாஞ்சேன், காலு தாங்கல, வழுக்கிக்கிட்டுப் போயி அவனுக்கு முன்னால விழுந்துட்டேன். பந்து அவன் ஸ்டிக்குக்கு முன்னால. பந்துக்கு அந்தாண்ட என் முழங்கால். அவன் ஏற்கெனவே ஓங்கிட்டான். ஓங்குன ஸ்டிக்கு அவன் தலைக்கு மேல நிக்கிது. நான் பாக்கேன். எங்க அய்யா பெல்ட ஓங்குவாரு பாருங்க, அதே மாதிரி.

அப்ப அவன் சொன்னான். “பாத்துண்ணே, காலு.”

இவ்வளவுதான் சொன்னான். சொல்லிட்டு ஸ்டிக்க எறக்கிட்டான். அடிக்கல. கோலு தொறந்து கெடக்கு, பெள்ளியப்பா மறுபக்கம் விழுந்து கெடக்கான், ஒரு தட்டு தட்டினா கோலு. அடிக்காம ஸ்டிக்க எறக்கிட்டு, நான் கால எடுப்பேன்னு நிக்கான்.

நான் எடுக்கல.

படுத்த வாக்குல, ரெண்டு கையாலயும், கீழயிருந்து மேல ஒரு வீச்சு. பந்தத்தான் அடிச்சேன். பந்து ஒரு முழம் தள்ளிக் கெடந்துச்சுன்னு பின்னால சொன்னாக. இருக்கலாம், டர்ஃப்ல பந்து நகரும். ஸ்டிக்கோட கொக்கி அவன் தாடையில பட்டுச்சு. கையில வந்து தெரியும் தம்பி அது, எலும்பு விட்டுக்குடுக்கது. மட்டை வழியா தோளு வரைக்கும் வரும். அவன் கத்தல. கத்துறதுக்கு வாயி இருக்குத எடத்துல இல்ல. முட்டிபோட்டு உக்காந்தான், அப்புறம் பக்கவாட்டுல சாஞ்சான், தலை டர்ஃப்ல மோதி ஒரு தடவ எகிறிச்சு. தண்ணி தெளிச்ச டர்ஃப்ல ரத்தம் ஒரு எடத்துல நிக்காது, ஓடிக்கிட்டே இருக்கும். பெள்ளியப்பா கையொறையக் கழட்டிப் போட்டுட்டு, தவழ்ந்துபோயி பல்லு பொறுக்குதான். மூணு பல்லு. அதக் கொண்டுபோயி அவங்க டாக்டர் கையில குடுக்கான்.

அவன் டீம்காரன் ஒருத்தன் என் கழுத்தப் புடிச்சான். ஸ்டிக்கால அவன் விரல்ல ஒண்ணு வச்சேன், விட்டுட்டான். இன்னொருத்தன் என் முதுகுல மிதிச்சான். அவன் கணுக்கால இழுத்துச் சாச்சி வயித்துல ஏறி உக்காந்தேன். மூணு குத்தோ நாலு குத்தோ. எங்க ஆளுகளே நாலு பேரு சேந்துதான் என்னத் தூக்குனாக. அம்பயரு செவப்பு அட்டையக் காட்டிக்கிட்டு நிக்காரு. அந்தக் கால வச்சிக்கிட்டு இவ்வளவும் செஞ்சிருக்கேன்னா பாத்துக்கோங்க. வெளிய வந்து உக்காந்ததும் எனக்கு வேற ஒண்ணும் தோணல. பசிச்சிச்சு. வாழப்பழம் ரெண்டு தின்னேன்.

மறுநாக் காலையில விசாரண. ஓட்டல்ல ஒரு ரூம்ல மூணு பேரு. மூணு பேருக்கும் தமிழ் தெரியாது. அம்பயரு என் முதுகுக்குப் பின்னால நின்னதால வீச்சத்தான் பாத்தாராம், பந்தப் பாக்கலையாம். குணாளன் ஆஸ்பத்திரியில, தாடையில கம்பி போட்டு வாயக் கட்டியிருக்கு. ஏன் அடிச்சேன்னு கேக்காக. நான் என்ன சொல்ல? ‘பாத்துண்ணே, காலு’ன்னு சொன்னான்னு சொன்னா அந்த வெள்ளக்காரனுக்கு என்ன புரியும்? வார்த்தையப் பாக்கக்கூடாது தம்பி, தொனியப் பாக்கணும். மூணு தடவ அடிச்சவன், நாலாவது தடவ அடிக்காம விட்டு, பாத்துங்கான். எனக்குப் பிச்ச போடுதான். அத இங்கிலீஷ்ல எப்படிச் சொல்ல? அதனால அவங்களுக்குப் புரியுத மாதிரி சொன்னேன். என் அம்மாவப் பத்திக் கெட்ட வார்த்தை சொன்னான்னு சொன்னேன். பொய்யின்னு சொல்லாதீங்க. மொழிபெயர்ப்பு.

பெள்ளியப்பாவக் கூப்பிட்டு, உனக்குக் கேட்டுச்சான்னு கேட்டாக. “ஏதோ சொன்னான். ஹெல்மெட் போட்டிருந்தேன்”னான். சொல்லிட்டு என்னப் பாத்தான். ரூமுக்கு வந்ததும் கேக்கான். “முத்து, ‘பாத்து’ன்னா ஜாக்கிரதைதானே?” மலேசியாத் தமிழ்ல அதுக்கு வேற அர்த்தம்டான்னேன். பையத் தூக்கிக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டான். அன்னைக்கோட பேச்சு நின்னுட்டு. ஒரே டீமு, ஒரே ரூமு. என் பக்கம் நிக்கணுமா வேண்டாமா? இந்தக் காலத்துல யார நம்ப?

ரெண்டு மேட்சு தடை, அவ்வளவுதான் தண்டன. ரெண்டு மேட்சு முடிஞ்சி கோச்சுக்குக் கடுதாசி போட்டேன். ஒரு வரி பதிலு. ‘காலைப் பார்த்துக்கொள்.’ பன்னெண்டாவது மேட்சு வரவே இல்ல. யாரால? அந்தக் குணாளனால. அவன் பாட்டுக்கு அடிச்சிருந்தான்னா கோலு விழுந்திருக்கும், என் காலு போயிருக்கும், நான் தியாகியாயிருப்பேன். யோசிச்சிப் பாருங்க.

இந்தா, சாத்தூர் வந்துட்டு. டீ குடிக்கீங்களா? வேண்டாமா. சரி, கதைய முடிச்சிருதேன்.

பதினோரு வருசம் கழிச்சி ஒரு நாளு மத்தியானம் வாசல்ல ஆட்டோ வந்து நிக்கிது. நான் சாப்பிட்டுப் படுத்திருக்கேன். எங்க வீட்டுக்காரி ஜெயக்கொடி வந்து, யாரோ வெளிநாட்டு ஆளு மாதிரி இருக்குன்னா. எந்திரிச்சிப் பாத்தா குணாளன். மூஞ்சி பாதி எடதுபக்கமா இழுத்திருக்கு. வாயி ஒரு விரல்கட அளவுக்குத்தான் தொறக்குது. நான் கதவு இடுக்குல இருந்த கம்பிய எடுத்துக்கிட்டேன். பின்ன? பழிவாங்க வந்திருக்கான்னுதான நெனைக்கத் தோணும்.

“அண்ணே, கழுகுமலைக்கு வந்தேன். தாத்தா ஊர பாத்துட்டு உங்களையும் பாக்கணும்னு,” அப்படின்னான். ஒவ்வொரு வார்த்தையும் பல்லுக்கு நடுவுல பிதுங்கி வருது. ஜெயக்கொடி உக்காரச் சொன்னா. கடல மிட்டாய் எடுத்து வச்சா, அவளுக்கு என்ன தெரியும். அவன் ஒண்ணு எடுத்து சட்டப்பையில போட்டுக்கிட்டு, “கடிக்க முடியாதுக்கா. பிள்ளைக்குக் கொண்டு போறேன்”னான். ஜெயக்கொடி உள்ள போயி சோத்தக் கொழையக் கரைச்சி, டம்ளர்ல ஊத்திக் கொண்டாந்தா.

அப்புறம் சொல்லுதான். “அந்த நாளே எனக்கு ஞாபகம் இல்லண்ணே. பஸ்ல ஏறுனது தெரியும், ஆஸ்பத்திரியில முழிச்சது தெரியும். நடுவுல ஒண்ணும் இல்ல. என்ன சொன்னேன்னு கேட்டேன். உங்க அம்மாவ அசிங்கமா பேசிட்டேன்னு சொன்னாங்க. எங்க அப்பா மூணு மாசம் என்கூட பேசலண்ணே. பெத்தவள பேசுற வாய்க்கு இது வேணும்னுட்டாரு. எனக்கு அப்படிப் பேசுற பழக்கமே இல்ல. ஆனா பேசியிருக்கேன். அதுதான் மன்னிப்புக் கேக்க வந்தேன்.”

கம்பி இன்னும் என் கையிலதான் இருந்துச்சு. ஓரமா வச்சேன்.

எங்க அம்மா அப்ப இருந்தா. சுப்புத்தாய். காது மந்தம். உள்ரூம்ல படுத்துக் கெடந்தா. அவளப் பாக்கணும்னான். நான் வேண்டாம்னு சொல்லுததுக்குள்ள உள்ள போயி, கால்மாட்டுல நெடுஞ்சாண்கெடயா விழுந்துட்டான். அம்மா பதறி எந்திரிச்சி, “யாருடா முத்து இது, எதுக்கு விழுதான்?”னு கேக்கா. ஆசீர்வாதம் வாங்க வந்திருக்காம்மான்னேன். அவ அவன் தலையத் தொட்டா. அப்புறம் கன்னத்தத் தொட்டா. தாடையில அந்தக் குழிஞ்ச எடத்துல விரல வச்சி அப்படியே நின்னா. “எந்தப் பாவி செஞ்சான் இத, பெத்தவ பாத்தா தாங்குவாளா”ன்னு சொல்லிட்டு அழுதா. அவனும் அழுதான். நான் ஃபேன கூட்டி வச்சேன்.

வாசல்ல வந்து, “மன்னிச்சிட்டீங்களாண்ணே?”னு கேட்டான். நானும் பெருந்தன்மையா, அதெல்லாம் அன்னைக்கே மறந்துட்டேன்டான்னேன். தோள்ல தட்டிக் குடுத்தேன். அவன் மூஞ்சியப் பாக்கணுமே நீங்க. பதினோரு வருசத்துப் பாரம் எறங்கின மாதிரி. அந்த நிம்மதிய நான்தான குடுத்தேன்?

ஆட்டோ போனதும் ஜெயக்கொடி கேக்கா. “‘பாத்துண்ணே, காலு’ன்னுதான அவரு சொன்னதா எங்கிட்ட சொன்னீக? கல்யாணம் ஆன புதுசுல சொன்னீகளே.” பொம்பளைக எதத்தான் மறப்பாளுக. அவன் சோறு குடிச்ச டம்ளரு கைக்கிட்ட இருந்துச்சு. வீசிட்டேன். வேணும்னு இல்ல. புருவத்துக்கு மேல நாலு தையல். வீடுன்னா ஒண்ணு ரெண்டு இருக்கும்.

அம்மா செத்தப்ப அவன் போன் பண்ணி அழுதான். நல்லவேளை, உசுரோட இருக்கையில மன்னிப்புக் கேட்டுட்டேன்னான். தீபாவளிக்குத் தீபாவளி பேசுவான். இப்ப அவங்க ஊர்ல பழைய ஆட்டக்காரங்களுக்கு ஒரு போட்டி வைக்காக. அம்பது வயசுக்கு மேல, எட்டு நாட்டுல இருந்து வாராக. அதுக்கு நான்தான் சிறப்பு விருந்தாளியாம். டிக்கெட்டெல்லாம் அவன் அனுப்புதான். அதுக்குத்தான் மதுரையில பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போயிட்டு வாரேன். மேடையில சால்வை போட்டு, மன்னிக்கிற குணத்தப் பத்தி நான் நாலு வார்த்தை பேசணுமாம். இந்த மாதிரி ஒரு மனுசன இந்த ஊரு பாக்கணும்னு குணாளன் சொல்லிட்டானாம்.

எனக்குப் பேச்சு வராது. ரயில்வேல முப்பது வருசம் கையெழுத்துப் போட்டதோட சரி. நேத்து ஜெயக்கொடிகிட்ட, நீயாவது ஏதாச்சும் எழுதிக் குடுடின்னேன். அவ அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டிருந்தா. நிமிந்துகூடப் பாக்கல. “அன்னைக்கி அவரு உங்ககிட்ட சொன்னத அப்படியே மைக்ல சொல்லிட்டு எறங்கிருங்க. அது போதும்”னா.

அது ரெண்டே வார்த்தை தம்பி. ரெண்டு வார்த்தைய வச்சி மேடையில என்ன பேச முடியும்? நீங்க படிச்சவரா இருக்கீங்க. என்ன சொல்லி ஆரம்பிக்கலாம்? ஆரம்பத்த மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்.